நன்றாக இருக்கும்போது போடும் மாத்திரை

காய்ச்சல் மாத்திரையை யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. உடம்பு கொதித்தால் கை தானாகத் தேடும். தைராய்டு மாத்திரையின் கஷ்டமே வேறு. ஒரு தொந்தரவும் இல்லாமல் எழுந்து, பாட்டிலைத் தட்டி உள்ளங்கையில் ஒன்றை எடுத்து, வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு காபிக்குக் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம். டிகாஷன் மணக்கும் வீட்டில் அது லேசான விஷயமில்லை. ஆனால் காபி முந்திக்கொண்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் என்றால் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

இத்தனை கெடுபிடி செய்யும் மருந்து, ஒரு நாள் மறந்தால் மட்டும் கண்டுகொள்வதே இல்லை. ரத்தத்தில் உள்ள இந்த மருந்து, அதாவது தைராக்ஸின், பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்வதும் இதனால்தான். திங்கட்கிழமை விட்டதற்குச் செவ்வாய்க்கிழமை தண்டனை இல்லை என்பதால் மனம் சலுகை எடுத்துக்கொள்கிறது. வாரக்கணக்கில் விட்டால் அசதி வரும், மலம் கட்டும், முடி கொட்டும், சித்திரையிலும் குளிரும். அதற்குள் நாமே வயசையும் வேலையையும் காரணம் சொல்லிப் பழகியிருப்போம்.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா இந்த மாத்திரை?" என்று கல்யாண வீடுகளில் கேட்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் சில தைராய்டு கோளாறுகள் தாமே சரியாவதுண்டு. சுரப்பியே பழுதானவர்களுக்கு ஆயுசுக்கும்தான். 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், அப்படிச் சுரப்பி பழுதான 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகச் செலுத்தினார். பிற்பாடு வாய்வழி கொடுத்தார். அந்த அம்மாளின் சுரப்பி கடைசிவரை தேறவில்லை. ஆனாலும் 74 வயது வரை வாழ்ந்து 1919-இல் காலமானார். அதற்குத் தேவைப்பட்டவை 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள். நமக்கு வாய்த்திருப்பது மைக்ரோகிராம் கணக்கில் ஒரு சிறு மாத்திரை. அலுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

என் கவலை வேறு. எப்போதோ எழுதிய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதே அளவை வருஷக்கணக்காக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை ஆயுசுக்கு என்றால் அளவும் ஆயுசுக்கு என்று யார் சொன்னது? கர்ப்ப காலத்தில் அது கூடும், முதுமையில் பெரும்பாலும் குறையும். தேவைக்கு மேல் போனால் நெஞ்சு படபடக்கும். எலும்பு சத்தமில்லாமல் தேயும்.