கட்டாயமும் கழுவாயும்

ஊத்துக்குளியில் பனியன் வேலை முடிந்து திரும்பும் இளைஞர், கைப்பேசியில் சண்டை விளையாட்டில் மூழ்கியிருக்கக் காண்கிறோம். அதில் வீழ்ந்தவன் மறு ஆட்டத்தில் எழுந்துவிடுகிறான். வீழ்த்தியவனுக்கு உறுத்தல் இல்லை. இவ்விளையாட்டு, உயிருள்ள நடிகரைக் கொண்டு திரைப்படமாகும்போது என்ன நேர்கிறது?

1991-இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டில் தால்சிம் என்றோர் இந்திய யோகி உண்டு. கழுத்தில் மண்டையோடுகள், வாயில் நெருப்பு, நீண்டுகொண்டே போகும் கைகள். நம் நாட்டைப் பற்றிய கேலிச்சித்திரமே அது. 1994-இல் வந்த திரைப்படமோ அவரை அறிவியலாளர் ஆக்கியது. 'காந்தி' படத்தில் நேருவாக நடித்த ரோஷன் சேத் அவ்வேடத்தை ஏற்றார். சர்வாதிகாரியின் கைதியான தால்சிம், ஒரு போர்வீரனைக் கொலைவெறி கொண்ட விலங்காக மாற்றும்படி கட்டாயப்படுத்தப்படுகிறார். அவன் உள்ளத்தில் பதிக்கப்படும் வன்முறைக் காட்சிகளை அகற்றி, மறைவாக நல்லவற்றைப் பதிக்கிறார். இறுதியில் தப்பும் வழி திறந்தபோதும், உருச்சிதைந்த அவனோடு அழியும் கோட்டையிலேயே தங்கிவிடுகிறார்.

கலையளவில் எளிய படம்தான். அது எழுப்பும் வினாவோ எளிதன்று. கட்டாயத்தின்பேரில் செய்த தீமைக்குப் பொறுப்பு யாருடையது? அச்சமும் வன்முறையும் குற்றப்பொறுப்பைக் குறைக்கும் என்பது திருச்சபையின் போதனை. தால்சிம் அச்சலுகையைக் கோரவில்லை. பொறுப்பு குறைவதால் அடுத்தவன் காயம் குறைந்துவிடுமா?

'மேலிடத்து ஆணை' என்று சொல்லி ஒதுங்கிய நாள்கள் நமக்கும் உண்டு. ஆணையிட்டவர் யாராயினும், செய்த கை நம்முடையது. வீழ்ந்தவரை விட்டு அடுத்த ஆட்டத்திற்குச் செல்வது விளையாட்டு. அவரருகே தங்குவதே கழுவாய்.