தன் அணி தவறும்போது

2015 ஜூலை 14 அன்று, ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான குழு ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தில் தன் முடிவை அறிவித்தது. சென்னை சூப்பர் கிங்ஸ், ராஜஸ்தான் ராயல்ஸ் அணிகளின் உரிமை நிறுவனங்களுக்கு ஐபிஎல்லில் இரண்டாண்டுத் தடை. சென்னை அணித் தரப்பின் குருநாத் மெய்யப்பனுக்கும் ராஜஸ்தான் அணியின் இணை உரிமையாளர் ராஜ் குந்த்ராவுக்கும் கிரிக்கெட் தொடர்பான எதிலும் ஈடுபட வாழ்நாள் தடை. சென்னை ரசிகர்களில் சிலர் துக்கப்பட்டார்கள். சிலர் ‘எல்லாம் அரசியல்’ என்றார்கள். ‘மற்ற அணிக்காரர்கள் மட்டும் யோக்கியமா?’ என்ற கேள்வியும் உரக்கக் கேட்டது. எதிரணி ரசிகர்கள் கொண்டாடினார்கள். இந்தக் குரல்களில் எதற்கு நியாயம் உண்டு? தன் அணியின் ஊழலையும் மாற்று அணியின் வீழ்ச்சியையும் பற்றிப் பேசும்போது ரசிகனுக்கு அறக்கடமை என்று ஒன்று உண்டா?

‘விளையாட்டுதானே, இதில் அறம் எங்கே வந்தது?’ என்று கேட்பவர்கள் உண்டு. ரசிகன் நீதிபதி அல்ல, ஒரு பக்கம் சாய்வதுதான் அவன் இயல்பு, இரு பக்கமும் சமமாகக் கைதட்டுபவனுக்கு ஆட்டத்தில் சுவையே இருக்காது என்பது அவர்கள் வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. பிறந்த ஊர், சிறுவயதில் பார்த்த ஓர் ஆட்டம், வீட்டில் எல்லோரும் ஆதரித்த அணி என்று ஏதோ ஒன்று மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு யாரும் காரணம் காட்டத் தேவையில்லை. ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று சாதிக்கும் உரிமையை அந்தப் பற்று தருவதில்லை. விருப்பத்தில் சார்பு இருக்கலாம். உண்மையைச் சொல்வதில் இருக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. தொலைக்காட்சி உரிமை, விளம்பரம், டிக்கெட், சட்டை விற்பனை என்று விளையாட்டுக்குள் வரும் பணம் எல்லாம், களத்தில் நடப்பது உண்மை என்று ரசிகன் நம்புவதால் வருகிறது. சூதாட்டம் முதலில் கொள்ளையடிப்பது அந்த நம்பிக்கையைத்தான். ஏமாற்றப்பட்டவனே ஏமாற்றியவருக்காக வாதாடுவது போன்ற அவலம் வேறில்லை.

2013 மே மாதத்தில் நடந்ததை நினைவுகூரலாம். ராஜஸ்தான் அணியின் மூன்று வீரர்களை ஸ்பாட் ஃபிக்சிங் வழக்கில் டெல்லி போலீஸ் கைது செய்தது. அவர்களை 2015இல் நீதிமன்றம் விடுவித்தது. அந்தக் கைது நடந்த சில நாட்களில், மே 24 அன்று, சூதாட்டப் புகாரில் குருநாத் மெய்யப்பனை மும்பை போலீஸ் கைது செய்தது. அவர், அப்போதைய பிசிசிஐ தலைவரும் சென்னை அணியை வைத்திருந்த இந்தியா சிமெண்ட்ஸின் நிர்வாக இயக்குநருமான என். சீனிவாசனின் மருமகன். உடனே நிறுவனத் தரப்பு அவர் உரிமையாளரும் இல்லை, அணியின் தலைமைப் பொறுப்பிலும் இல்லை என்றது. அவர் வெறும் கிரிக்கெட் ஆர்வலர் என்ற விளக்கமும் வந்தது. வீரர்கள் ஏலத்தில் சென்னை அணியின் மேசையில் அவர் உட்கார்ந்திருந்ததையும், ஆட்டங்களின்போது அணியினரோடு இருந்ததையும் ஊரே தொலைக்காட்சியில் பார்த்திருந்தது. அப்படியிருந்தும் பலர் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். பின்னர் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி முகுல் முட்கல் குழு, அவர் அணியின் அதிகாரப் பொறுப்பில் இருந்தவர் என்றும் பந்தயம் கட்டினார் என்றும் முடிவுசெய்தது. தன் கண்ணால் கண்டதைவிட நிர்வாகத்தின் அறிக்கையை நம்பத் துணிந்த இடத்தில்தான் ரசிகனின் அறம் சறுக்கியது.

ஆனால் அதே குழு, அவர் மேட்ச் ஃபிக்சிங்கில் ஈடுபட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் சொன்னது. பந்தயம் கட்டுவது ஒரு குற்றம். ஆட்டத்தின் முடிவையே விலைபேசுவது வேறொரு குற்றம். எதிரணி ரசிகர்களில் பலர் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. சென்னை வென்ற ஆட்டங்கள் எல்லாமே ஏற்பாடு செய்யப்பட்டவை என்று ஏளனம் செய்தார்கள். வெயிலில் ஓடி உழைத்த வீரர்கள் அத்தனை பேர் மீதும் ஆதாரமில்லாமல் சேறு பூசப்பட்டது. ஒரு தரப்பு குற்றத்தைக் குறைத்துச் சொன்னது, மறு தரப்பு கூட்டிச் சொன்னது. இரண்டும் ஒரே பிழை. உண்மையின் அளவைத் தங்கள் வசதிக்கு மாற்றிய பிழை.

இங்கே ரசிகன் கைக்கொள்ளக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: அணியின் பெயரை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. இதே புகார் மும்பை அணியின் நிர்வாகி மீது வந்திருந்தால் சென்னை ரசிகர் என்ன சொல்லியிருப்பார்? பெயர் மாறும்போது தீர்ப்பும் மாறினால், அதைத் தீர்ப்பு என்று சொல்வதற்கில்லை. ‘அவன் மட்டும் யோக்கியமா?’ என்ற கேள்வியும் இந்தச் சோதனையில் தேறாது. அடுத்தவர் குற்றம் நிரூபணமானால் தண்டனைக்குரியோர் எண்ணிக்கைதான் கூடும். தன் குற்றம் குறையாது.

மாற்று அணியின் தோல்வியில் மகிழ்வது தவறா? களத்தில் விழும் தோல்விக்கு மகிழ்வதில் தவறில்லை. போட்டி என்றால் அதுவும் சேர்ந்ததுதான். ஆனால் எதிரணி வீரர் காயப்படும்போது எழும் ஆரவாரமும், அவர் குடும்பத்தின் மீது பாயும் வசையும் அந்த எல்லையைத் தாண்டியவை. எல்லை எங்கே இருக்கிறது என்பதை சேப்பாக்கம் ஒருமுறை காட்டியது. 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் இந்தியாவுக்கு இலக்கு 271. முதுகுவலியோடு ஆடி 136 ரன் எடுத்த சச்சின், வெற்றிக்கு 17 ரன் இருக்கும்போது ஆட்டமிழந்தார். அதன்பின் வந்தது நான்கே ரன். 12 ரன்னில் தோல்வி. அந்தத் தொடர் தொடங்குமுன், பாகிஸ்தான் அணி வருவதை எதிர்த்தவர்கள் டெல்லி ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பகை மூட்டக் காரணம் தேடியவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றார்கள். தோல்வியின் வலி அங்கே யாருக்கும் குறைந்திருக்காது. வலியோடு நின்றே எதிரியின் திறமைக்கு உரியதைக் கொடுத்தார்கள் என்பதே அதன் பெருமை.

அரசியல் நுழையும்போது கேள்வி இன்னும் கடினமாகிறது. ‘விளையாட்டில் அரசியல் கூடாது’ என்பது எளிதான பதில், போதாத பதில். நிறவெறியைக் கடைப்பிடித்த தென்னாப்பிரிக்காவை 1970 முதல் 1991 வரை சர்வதேச கிரிக்கெட் ஒதுக்கி வைத்தது சரியே. அங்கே அணியே நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது; அநீதி ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. 2013இல் இலங்கை வீரர்கள் சென்னையில் ஐபிஎல் ஆடக்கூடாது என்ற முடிவு வந்தபோது நிலைமை வேறு. ஈழத்தில் நடந்த படுகொலைக்கு நீதி கேட்ட குரல் நியாயமானது. அந்தத் துயரத்தை யாரும் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டது அரசு, விலக்கப்பட்டவர்கள் தனிமனிதர்கள். அந்த விதியால், மூன்று பருவங்கள் சென்னை அணிக்கே பந்துவீசிய தமிழரான முத்தையா முரளிதரனும் சேப்பாக்கத்தில் இறங்க முடியாமல் போனார். அவருடைய அரசியல் பார்வையை ஒருவர் கடுமையாக மறுக்கலாம். ஆனால் செயலைப் பார்க்காமல் கடவுச்சீட்டைப் பார்த்துத் தண்டிப்பது நீதி ஆகாது.

2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டம் நடந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. தண்ணீருக்காக ஊர் தவிக்கும்போது கேளிக்கை வேண்டாம் என்று ஆட்டத்தைப் புறக்கணிப்பது ஒருவரின் முழு உரிமை. மைதானத்துக்குள் செருப்பை வீசுவது அந்த உரிமையில் சேராது. தன் இழப்பைத் தானே ஏற்பது போராட்டம். காவிரியைத் தடுக்காத ஆட்டக்காரர் மீது கோபத்தைக் காட்டுவது அநியாயம். அந்த ஆண்டு சென்னையில் நடக்கவிருந்த மீதி ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. ரசிகர்கள் சிறப்பு ரயில் ஏறி அங்கே போனார்கள். இரண்டாண்டுத் தடைக்குப் பிறகு திரும்பிய அணி அந்த ஆண்டே கோப்பையும் வென்றது.

அவ்வளவு தூரம் ரயிலேறிப் போகிற பற்று சாதாரணமானதல்ல. அத்தனை பற்று உள்ளவரே கணக்குக் கேட்கவும் தகுதி உள்ளவர். எதிரணிக்காரர் கேட்டால் பொறாமை என்று தள்ளிவிடலாம். சொந்த ரசிகர் கேட்டால் எந்த நிர்வாகமும் அப்படித் தள்ள முடியாது. ஆகவே அடுத்த முறை தன் அணி மீது புகார் எழும்போது, அணியை நேசிப்பவர்கள் முதலில் விசாரணை அறிக்கையைப் படிக்கட்டும். நிரூபணமானதை ஒப்புக்கொள்ளட்டும்; நிரூபணமாகாததை மறுக்கட்டும். பொறுப்பானவர் பதவி விலக வேண்டுமென்றால் அதை எதிரணிக்கு முன்பாகத் தாங்களே கேட்கட்டும்.