யாருடைய வாக்கைக் கொடுத்து?

1908-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. சிறைக்கைதிகளைச் சுரங்கங்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும் குத்தகைக்கு விடும் கொடுமை ஒழிக்கப்பட்டது. கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிக்கும் அரசியலமைப்புத் திருத்தமும் அதே ஆண்டில் நிறைவேறியது. இரண்டும் ஹோக் ஸ்மித் என்ற ஒரே ஆளுநரின் ஆட்சியில் நடந்தவை. ரயில்வே நிறுவனங்களின் கொட்டத்தை அடக்குவேன் என்று சொல்லி வென்ற முற்போக்குச் சீர்திருத்தவாதி அவர். நன்மை செய்ய வந்த ஓர் இயக்கம், அந்த நன்மைக்காகவே எளியவரின் உரிமையைப் பறிக்கலாமா என்ற கேள்விக்கு ஜார்ஜியாவைவிடத் தெளிவான வழக்கு கிடைப்பது அரிது.

அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறாக இருந்தது. தெற்கின் பருத்தி விவசாயி, விதைப்பதற்கு முன்பே விளைச்சலைக் கடைக்காரரிடம் அடமானம் வைத்துத்தான் மாவும் உரமும் வாங்கினார். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலை. 1894-இல் பருத்தி பவுண்டுக்கு ஐந்து சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. இந்தக் கடன் வலையில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்தே சிக்கியிருந்தார்கள். 1892-இல் மக்கள் கட்சியின் டாம் வாட்சன் இதை வெளிப்படையாகச் சொன்னார்: உங்களைத் தனித்தனியாகச் சுரண்டுவதற்காகத்தான் ஒருவரையொருவர் வெறுக்கப் பழக்கியிருக்கிறார்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். அவருக்காகப் பிரசாரம் செய்த டாயில் என்ற கறுப்பினப் போதகருக்குக் கொலை மிரட்டல் வந்தபோது, வாட்சனின் அழைப்பை ஏற்று வெள்ளை விவசாயிகள் துப்பாக்கியோடு வந்து காவல் நின்றார்கள். அந்தக் காலத்து ஜார்ஜியாவில் இது சாதாரணச் செயலே இல்லை.

அந்த ஆண்டுத் தேர்தலில் வாட்சன் தோற்றார், தோற்கடிக்கப்பட்டார் என்பதே சரி. அகஸ்டா நகரில் தகுதியுள்ள வாக்காளர்களின் எண்ணிக்கையையும் மிஞ்சி வாக்குகள் பதிவாயின. கறுப்பினத் தொழிலாளர்களை வண்டிகளில் ஏற்றிவந்து ஆளும் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்க வைத்தார்கள்.

அதன்பின் வாட்சன் போட்ட கணக்குதான் ஆராயத்தக்கது. கறுப்பினத்தவரின் வாக்கு இருக்கும்வரை பணக்காரர்கள் அதைத் திருடுவார்கள், அதைக் காட்டியே வெள்ளையரைப் பயமுறுத்தி ஒரே கட்சிக்குள் அடைப்பார்கள். ஆகவே அந்த வாக்கையே அகற்றிவிட்டால் ஏழை வெள்ளையர் அச்சமின்றிப் பிரிந்து நின்று பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் போராடலாம் என்றார். 1906-இல் இந்த அடிப்படையில்தான் ஹோக் ஸ்மித்தை ஆதரித்தார். திருட்டை ஒழிப்பதற்காகப் பறிகொடுத்தவனின் வீட்டையே பறிமுதல் செய்வது போன்றது இது. வாக்கைத் திருடிய தோட்ட முதலாளிகளுக்கு ஒரு தண்டனையும் இல்லை.

எந்தச் சீர்திருத்தமும் எல்லோருக்கும் ஒரே நாளில் எல்லாவற்றையும் தந்துவிடாது. 1906-இன் தூய உணவு, மருந்துச் சட்டம் ஓட்டைகள் நிறைந்தது. ஆனால் அதனால் யாரும் இருந்ததை இழக்கவில்லை. சிலருக்கு முதலில் கிடைப்பதை, மற்றவர்கள் வலியோடேனும் பொறுத்துக்கொள்ள முடியும். கையில் இருந்ததைப் பிடுங்கி இன்னொருவருக்கு வசதி செய்துகொடுப்பதைக் குறை என்றோ தாமதம் என்றோ சொல்லித் தப்ப முடியாது. அது வேறு வகைச் செயல்.

காலம் அப்படி என்பார்கள். வாட்சன் விஷயத்தில் இந்தச் சமாதானம் செல்லாது. 1892-இல் அவரே எதிர்மாறாகப் பேசி, அதற்காக அடியும் பட்டவர். அறியாமையால் வந்த மாற்றமல்ல அது. 1906 தேர்தல் பிரசாரம் ஊட்டி வளர்த்த வெறுப்பு அந்தச் செப்டம்பரில் அட்லாண்டாவில் குறைந்தது 25 கறுப்பினத்தவரின் உயிரைக் குடித்தது. அதைப் பார்த்த பிறகும் திருத்தம் நிறுத்தப்படவில்லை.

நாற்பது ஏக்கர் நிலம் அல்லது 500 டாலர் சொத்து, எழுத்தறிவு, போர்வீரரின் வாரிசு என்பதாக வாக்குரிமை பெறத் திருத்தத்தில் பல வாசல்கள் இருந்தன. வெள்ளையர் நுழைவதற்காக அமைக்கப்பட்டவை அவை. ஆனாலும் வாக்களிக்கக் கட்டியாக வேண்டிய தலைவரி ஆண்டுக்காண்டு பாக்கியாகச் சேர்ந்ததால் ஏழை வெள்ளையர் பலரும் வாக்கிழந்தார்கள். இதைச் சொல்லித்தான் பலர் அந்தத் திருத்தத்தைக் கண்டிக்கிறார்கள். உண்மைதான், ஆனால் இது போதாது. ஒரு வெள்ளையரும் பாதிக்கப்படாமல் இருந்திருந்தாலும் அது அநீதியே.

கைதிக் குத்தகை ஒழிந்ததால் பெரும்பாலும் கறுப்பினக் கைதிகளே பயனடைந்தார்கள் என்ற வாதத்தை எளிதில் தள்ள முடியாது. அந்த நன்மை மெய்யானது. ஆனால் குத்தகை போன இடத்தில் மாவட்டச் சாலைகளில் விலங்கிட்ட கைதிக் கூட்டங்கள் வந்தன. அந்தக் கைதிகளின் உறவினர்களுக்கு அதைத் தட்டிக்கேட்கும் வாக்கு இல்லை.

ஹோக் ஸ்மித் பின்னர் செனட்டரானார். 1914-இல் விவசாயிகளுக்கு வேளாண் அறிவைக் கொண்டுசெல்லும் ஸ்மித்–லீவர் சட்டத்தில் அவர் பெயர் இடம்பெற்றது; இன்றும் பயன்தரும் சட்டம் அது. அந்தச் சட்டத்தின் மீதான விவாதத்தில், கறுப்பினக் கல்லூரிகளுக்கும் நிதியில் பங்கு உறுதிசெய்ய வேண்டும் என்று ஒரு திருத்தம் முன்வைக்கப்பட்டது. ஸ்மித் அதை எதிர்த்தார். அவரைத் தேர்தலில் கேள்வி கேட்டிருக்கக்கூடிய கறுப்பின விவசாயிகளில் பெரும்பாலோர் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, அவர் ஆட்சியிலேயே வாக்கிழந்திருந்தார்கள்.