விதியின் அளவு 285/75 R16

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதைப் பற்றி நான் சண்டை பிடிக்கப் போவதில்லை. நாலு பழம், கொஞ்சம் கற்பூரம், 'சதக்' என்று ஒரு சத்தம். பழத்தைத் தவிர யாருக்கும் காயமில்லை. என் சண்டை அந்தப் பழத்தின்மேல் ஏறிய டயரோடுதான்.

மஹிந்திரா தார் வாங்கியாயிற்று. 2020-இல் வந்த தாரில், 16 அங்குல ரிம் உள்ள மாடலுக்குக் கம்பெனி கொடுத்த டயர் 245/75 R16. வண்டி வீட்டுக்கு வந்த சூட்டோடு மாடிஃபிகேஷன் கடைக்குப் போகிறது. மூன்று, நான்கு அங்குலம் தூக்கும் லிஃப்ட் கிட். தூக்கியபின் பழைய டயர் மட்கார்டுக்குள் நோஞ்சானாகத் தெரிகிறது. "33 இன்ச் போட்டுடலாம் சார்" என்கிறார் கடைக்காரர். 285/75 R16 மட் டயர் ஏறுகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்க்கிறார்கள். உள்ளே உரசினால் பிளாஸ்டிக் லைனரைக் கொஞ்சம் அறுத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான், சோதனை முடிந்தது. "உரசுதா?" என்பதைத் தவிர அங்கே யாராவது வேறு கேள்வி கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, எல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு. டயரின் பக்கவாட்டில் உள்ள முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. மூன்றாவது, ரிம்மின் விட்டம், அங்குலத்தில். (மூன்று அளவுகளை ஒரே வரியில் குழைத்த புண்ணியவான் யாரோ!) கூட்டிப் பாருங்கள். பழைய டயரின் விட்டம் ஏறக்குறைய 774 மி.மீ. புதியது 834. வித்தியாசம் 60 மி.மீ. அதில் பாதிதான் ஆக்சிலுக்கு அடியில் இடைவெளியாகக் கூடும். 30 மி.மீ., கட்டைவிரல் நீளம்கூட இல்லை.

லிஃப்ட் கிட் நான்கு அங்குலம் தூக்கியதே, அது? அது தூக்கியது பாடியையும் சேஸிஸையும். மேட்டில் முன்மூக்கு இடிக்காமல் ஏற அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் பாறையில் முதலில் அடிவாங்கும் பின் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் உருண்டையை அது ஒரு நூலளவும் உயர்த்தவில்லை. அதை உயர்த்தியது டயர் மட்டும்தான்.

இந்த 30 மில்லிமீட்டருக்கு என்ன விலை? சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போகும். மீட்டருக்கு அந்தச் சங்கதி தெரியாது. மீட்டர் முன்பு சரியாக இருந்தது என்று வைத்துக்கொண்டால், இப்போது அது 80 காட்டும்போது வண்டி 86-இல் ஓடுகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. ஆறு கிலோமீட்டர் என்று நீங்கள் நினைப்பது 16 சதவீதக் கூடுதல் அடியாக எதிராளியின் உடம்பில் இறங்கும். பிரேக்கும் அதே பழைய பிரேக்தான். பெரிய சக்கரத்தில், அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்துவிசை ஏழு சதவீதம்போலக் குறைகிறது. மட் டயரின் கூடுதல் எடை தனி.

கவிழ்வதற்கும் கணக்கு உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கால் வகுத்து வரும் எண்ணை வைத்துத்தான் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு வண்டிகளின் கவிழும் ஆபத்தை மதிப்பிடுகிறது. உதாரணத்துக்குச் சக்கர இடைவெளி 1.5 மீட்டர், ஈர்ப்பு மையம் 70 செ.மீ. உயரம் என்று வையுங்கள். விடை 1.07. மையத்தைப் பத்து சென்டிமீட்டர் தூக்குங்கள். 0.94. எண் குறையக் குறையக் கவிழ்வது எளிது. குறுக்கே ஓடிய நாய்க்காக ஸ்டியரிங்கைச் சட்டென்று வெட்டும்போது, நசுங்கிய எலுமிச்சம்பழம் இந்த எண்ணை எந்தப் பக்கம் நகர்த்தும்? பக்தர்களே பதில் சொல்லட்டும்.

"நாங்க ஆஃப்ரோடு போறவங்க, உங்களுக்குப் புரியாது" என்று ஒரு பதில் வரும். புரிந்துகொள்ள ஆசைதான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையைப் பார்த்திருப்பீர்கள். பாதை என்று சொல்வதே மரியாதைக்குத்தான், கல்லும் பள்ளமும். அதில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஏறும் ஜீப்களின் டயரை எப்போதாவது குனிந்து பார்த்தீர்களா? பிழைப்புக்காக ஓட்டுகிறவர்கள் அளவான டயரோடும் கைப்பழக்கத்தோடும் ஏறிவிடுகிறார்கள். மணலில் புதைகிறதா? காற்றை 18, 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிந்து பிடித்துக்கொள்ளும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் கையோடு கொண்டுபோன சின்ன கம்ப்ரஸரில் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். லிஃப்ட் கிட்டின் விலையில் எத்தனையோ கம்ப்ரஸர் வாங்கலாம். ஆனால் கம்ப்ரஸர் சிக்னலில் யாருக்கும் தெரியாதே! அதுதானே சிக்கல்?

கெத்து வேண்டும் என்பது குற்றமில்லை. அதை எங்கே கொண்டுபோய் இறக்குகிறீர்கள் என்பதுதான் கேள்வி. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, உடம்பைத் தவிர வேறு பம்பர் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இவர்களையெல்லாம் தூக்கிக் கட்டிய ஜீப்கள் கொன்றன என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட சாலையில், மூக்கை இன்னும் ஐந்தங்குலம் தூக்கி ஒருவர் வருகிறார் என்கிறேன். அந்த மூக்கு ஸ்கூட்டியில் வரும் பெண்ணின் எந்த இடத்துக்கு நேராக வருகிறது? சின்னக் காரின் பம்பரைத் தாண்டி, அதன் கதவிலும் கண்ணாடியிலும் போய் இடிக்காதா? உயர்ந்துபோன ஹெட்லைட்டைத் திரும்ப இறக்கிச் சரிசெய்த கடை எத்தனை? எதிரே மொபெட்டில் வரும் பெரியவர் ஒரு நொடி கண்ணை மூடுகிறாரே, அந்த நொடி யாருடைய கணக்கில்?

விபத்து நடந்துவிட்டால் ஆஸ்பத்திரி வாசலில் பேச்சு மாறிவிடும். "நேரம் சரியில்லை." "விதி முடிஞ்சுபோச்சு." எவ்வளவு வசதியான விதி! இந்த விதியை யாரும் தலையில் எழுதவில்லை. கடையில் அளவு சொல்லி, பேரம் பேசி, ஜிஎஸ்டி கட்டி மாட்டிய விதி இது. பில் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. கடவுள்மேல் பழி போடுகிறவர் கடவுளை நம்புகிறார் என்று நான் ஏற்க மாட்டேன். தன் கையெழுத்திலிருந்து தப்பப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

டயர் அளவிலும் காற்றழுத்தத்திலும் விதி எவ்வளவு ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய பாடம் நடந்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் 1990-இல் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பே, கவிழாமல் நிற்பதற்கான சோதனையில் சிறிய 225 டயரே மேல் என்று கம்பெனிக்குள் பொறியாளர்கள் பரிந்துரைத்தது பின்னாளில் வெளிவந்த ஆவணங்களில் இருக்கிறது. வண்டி வந்ததோ 235/75 R15-இல். காற்று 26 பி.எஸ்.ஐ. போதும் என்றது ஃபோர்டு. டயர் செய்த ஃபயர்ஸ்டோன் பிறகு 30 என்றது. ஓட்டத்தில் டயரின் மேல்பட்டை பிரிந்தது, வண்டிகள் கவிழ்ந்தன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அரசு அமைப்பில் பதிவான புகார்களின்படி உயிரிழந்தவர்கள் 271 பேர். இரண்டு கம்பெனிகளும் ஒன்றின்மேல் ஒன்று பழி போட்டன. ஆனால் அந்த விசாரணையில் நேரம் சரியில்லை என்று யாரும் எழுந்து சொல்லவில்லை. பி.எஸ்.ஐ. பி.எஸ்.ஐ.யாக எண்ணினார்கள். சோதனைக்கூடமும் பொறியாளர் படையும் வைத்திருந்த இடத்திலேயே டயர் தேர்வு இந்த லட்சணம் என்றால், ஒரு ஜாக்கியும் "உரசுதா?" என்ற கேள்வியும் மட்டும் உள்ள இடத்தில்?

அடுத்த எதிர்க்கேள்வி எனக்குத் தெரியும். "லாரியும் பஸ்ஸும் உயரமா இல்லையா?" உயரம்தான். லாரி உங்கள் வீட்டு அரிசியைச் சுமக்கிறது. அதற்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கருவி பூட்டச் சொல்லியிருக்கிறோம். இருசக்கர வண்டி அடியில் புகாதபடி பக்கவாட்டில் தடுப்புக் கட்டச் சொல்லியிருக்கிறோம். தேவைக்காக ஏற்றுக்கொண்ட ஆபத்துக்குச் சமூகம் கடிவாளம் போடுகிறது. தேவையே இல்லாத ஆபத்துக்கு நீங்கள் போட்ட கடிவாளம் எது?

சட்டம் பேசாமல் இல்லை. கம்பெனி பதிவுசெய்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். போலீஸ்காரர் கைகாட்டினால்தான் இதெல்லாம் நினைவுக்கு வர வேண்டுமா? நரகத்துக்குப் பயந்து நல்லவனாக இருப்பதைக் கேலி செய்கிற நாம், செக்போஸ்டுக்குப் பயந்து மட்டும் நல்லவர்களாக இருக்கலாமா?

உண்மையிலேயே காட்டுப்பாதையில் ஓட்டுகிறவருக்கு வழி இல்லாமலில்லை. 265/70 R16 ஆல்-டெரெய்ன் டயரின் விட்டம் 777 மி.மீ.; பழையதோடு மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ரிம் அகலம் பொருந்துகிறதா, சுமைக் குறியீடு பழையதற்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தும் ஒரே அளவில் போடுங்கள். ஒன்று மட்டும் சின்னதாக இருந்து 4x4 போட்டால் கியர்ப்பெட்டி தன் பாஷையில் பதில் சொல்லும். மீட்டர் பொய் சொல்லாது. லிஃப்ட் கிட்டும் வேண்டியிருக்காது.

இல்லை, 33-தான் வேண்டும் என்கிறீர்களா? வண்டியை வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். உங்கள் ஐந்து வயதுப் பிள்ளையைப் பானெட்டுக்கு முன்னால் நிற்கச் சொல்லிவிட்டு ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்காருங்கள். பிள்ளையின் தலை கண்ணில் படும்வரை பின்னால் நகரச் சொல்லி, அந்தத் தூரத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். நண்பரின் தூக்காத தாரிலும் இதையே செய்யுங்கள். இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போங்கள். அங்கேயும் ஒரு பிள்ளை இருக்கும். "இந்த வித்தியாசம் எனக்கு வேண்டும், சம்மதமா?" என்று அதன் அப்பாவிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? ஏன்?