பிரிந்து செல்லும் உரிமை

ஒருவருக்குச் சொந்தமான வீட்டின் சுவரை இடிப்பதா, விடுவதா என்பதை அவரே முடிவு செய்யலாம். ஊர்ப் பொதுக் கிணற்றைப் பற்றிப் பலரும் கூடிப் பேசியே முடிவெடுக்க வேண்டும். ஆனால், எவருக்கும் தனியுரிமை இல்லாததும், வேண்டுவோர் யாவரும் முழுமையாக எடுத்துச் சென்று தம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளத்தக்கதுமான பொதுப் பணி ஒன்றில் கருத்து வேற்றுமை எழுந்தால் என் செய்வது? பிரிந்து செல்ல உரிமை உண்டு என்பதனாலேயே பிரிவது நேரியதாகிவிடுமா? உடன்படாதோரைப் போகவிடுவதோடு எஞ்சியோரின் கடமை முடிந்துவிடுமா?

இக்கேள்விகளை ஆராய்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, லினக்ஸ்சிஎன்சி என்னும் மென்பொருள். மில்லிங் இயந்திரம், லேத் போன்றவற்றின் மோட்டார்களைக் கணிப்பொறி வழியே இயக்குவது அதன் வேலை. 1990-களில் அமெரிக்க அரசின் தரநிலை, தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனம் அதன் முதல் வடிவை உருவாக்கிற்று. அரசு அலுவலர் தம் பணியின் பொருட்டு எழுதியவற்றுக்கு அந்நாட்டுச் சட்டம் பதிப்புரிமை வழங்குவதில்லை. ஆகவே அது பொதுச் சொத்தாயிற்று. 2000-ஆம் ஆண்டையொட்டித் தன்னார்வலர்கள் அதனை ஏற்று வளர்க்கத் தொடங்கினர். இன்று அதனை எவரும் படிக்கலாம்; திருத்தலாம்; பிறருக்கு வழங்கலாம். திருத்தி வழங்குவோர், தாம் பெற்ற அதே உரிமையைப் பெறுவோருக்கும் அளித்தாக வேண்டும் என்பதே நிபந்தனை.

கடிதம் எழுதும் மென்பொருளில் பிழை நேர்ந்தால் கடிதம் கெடும், அவ்வளவே. இங்கோ கனத்த இரும்பு மேசை நகர்கிறது. வெட்டும் கருவி சுழல்கிறது. மோட்டார்களுக்குரிய கட்டளையை, வழக்கமாக ஆயிரத்தில் ஒரு விநாடிக்கு ஒரு முறை, காலந்தவறாது கணக்கிட்டு அனுப்ப வேண்டும். அதில் தடுமாற்றம் நேர்ந்தால் வேலைப்பொருள் பாழாகலாம், கருவி முறியலாம், அருகில் நிற்பவரின் கைக்கும் ஆபத்து நேரலாம். ஆதலால், ஒழுங்காக ஓடுவதை மாற்றத் தயங்குவோரைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் இன்று இயந்திரத்தின்முன் நிற்பவருக்காகப் பேசுகின்றனர்.

மாற்றம் விரும்புவோரும் பொறுப்பற்றவர் அல்லர். மென்பொருளின் உறுப்புகள் தம்முள் செய்தி பரிமாறும் முறையைப் புதிதாக அமைக்க வேண்டும். இயந்திரத்தை இயக்கும் கணிப்பொறியையும் தொழிலாளி காணும் திரையையும் எளிதாகப் பிரித்து வைக்க வேண்டும். சிறிய பலகைக் கணிப்பொறிகளிலும் அது செம்மையாக ஓட வேண்டும் என்று சிலர் கருதினர். 2014-ஆம் ஆண்டளவில் மெஷின்கிட் என்னும் பெயரில் தனிக் கிளை தோன்றியது. அவர்கள் நாளை இயந்திரத்தின்முன் நிற்கப்போகிறவரை எண்ணினர்.

நிலத்தைப் பங்கிட்டால் ஆளுக்குப் பாதியே கிட்டும். மென்பொருளைப் பங்கிட்டால் இரு சாராருக்கும் முழுமையும் கிட்டும். அப்படியாயின் இழப்பு ஏது? பிரிவது மனிதரின் உழைப்பு. இயந்திரத்தின் இயல்பையும் மென்பொருளின் நுட்பத்தையும் ஒருங்கே அறிந்தோர் சிலரே. ஓரிடத்தில் கண்டறியப்பட்ட பிழை, மற்றோரிடத்தில் திருத்தப்படாமல் நெடுநாள் கிடக்கக்கூடும். அதன் விலையைச் செலுத்துவோர் விவாதித்தவர் அல்லர். விவாதத்தை அறியாது தம் பட்டறையில் நிற்பவரே.

இதே மென்பொருளில் வேறொரு வழியும் காணக் கிடக்கிறது. பாலம் போன்ற குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளையும் இரு மோட்டார்கள் தள்ளும் இயந்திரங்கள் உண்டு. அங்கே திசை ஒன்று. அதனை இயக்கும் மூட்டுகள் இரண்டு. ஆனால், திசையும் மூட்டும் ஒன்றே என்பதுபோல் பழைய அமைப்பு பல இடங்களில் நடந்துகொண்டது. இவ்விரண்டையும் பிரிக்கும் அடிப்படை மாற்றம் பல ஆண்டுகள் தனியே சோதிக்கப்பட்டு, 2020-இல் வெளியான 2.8-ஆம் பதிப்பிலேயே அனைவர்க்கும் வந்தது. பழைய அமைப்புக் கோப்புகளைப் புதிய முறைக்கு மாற்றித் தரும் சிறு நிரலும் உடன் தரப்பட்டது. அது பழைய கோப்பின் படி ஒன்றைப் பத்திரப்படுத்தி வைக்கிறது.

அச்சிறு நிரலில் ஓர் அறம் இருக்கிறது. மாற்றத்தை விரும்பியவரே மாற்றத்தின் சுமையில் ஒரு பங்கைத் தாமே ஏற்றுக்கொண்டனர். தயங்கியவரும் தம் தயக்கத்தை இறுதி முடிவாக்கிவிடவில்லை.

பிரிந்து செல்லும் உரிமை தேவையானதே. அது இல்லையேல் பொதுப் பணியின் காவலர் காலப்போக்கில் அதன் உரிமையாளராகிவிடுவர். செய்து காட்டினாலன்றி விளங்காத எண்ணங்களும் உண்டு. அவற்றுக்குத் தனியிடம் வேண்டும். ஆயினும் உரிமை வாயிலைத் திறந்து வைக்கிறதேயன்றி, வெளியேறு என்றும் இரு என்றும் கட்டளையிடுவதில்லை. போகிறவர், தம்மை நம்பி வருவோரை நெடுநாள் தாங்க இயலுமா என்று தம்மையே கேட்க வேண்டும். இருப்பவர், ‘போக உரிமை இருக்கிறதே’ என்று சொல்லித் தம் செவியை அடைத்துக்கொள்ளாதிருக்க வேண்டும்.

சங்கமாயினும் கூட்டுறவாயினும், கருத்து வேறுபடும்போது யார் அறிவாளி என்றே நாம் பெரும்பாலும் கேட்கிறோம். நம் முடிவின் சுமை யார் தோளில் விழப்போகிறது, அதில் எவ்வளவை நாம் சுமப்போம் என்பதை முதலில் கேட்டால், இருப்பதும் பிரிவதும் இரண்டுமே நேர்மையாக நடைபெறும்.