மெங்லர் குன்று, குளிர்கால ஞாயிறு

மூச்சு வெண்மையாக வெளியே போகிறது. இரண்டடி போவதற்குள் கரைந்துவிடுகிறது.

விரல் நுனிகள் மரத்திருக்கின்றன. ஊக்கு நழுவுகிறது. நெஞ்சில் குத்த வேண்டிய நம்பர் அட்டை ஒரு பக்கம் தொங்குகிறது. இருக்கட்டும்.

ஆகஸ்ட் கடைசி. பரோசா பள்ளத்தாக்கு. அடிலெய்டிலிருந்து வடகிழக்கே 70 கிலோமீட்டர் போல. பனிமூட்டம் இன்னும் தரையிலேயே கிடக்கிறது. அதற்குள்ளிருந்து மரக்கம்பங்கள் தெரிகின்றன. கம்பிகள் தெரிகின்றன. இலையே இல்லாத கொடிகள்.

எங்கோ விறகடுப்பு மூட்டியிருக்கிறார்கள். தைலமர விறகு. வாசனை முதலில் வருகிறது. புகை பிறகு.

*

பெத்தனி. ஊர் என்றால் ஒரு சாலை. சாலையோரம் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஓடை வரைக்கும் நீளும் ஒரு துண்டு நிலம்.

1842-ல் பிரஷ்யாவிலிருந்து வந்த லூத்தரன் குடும்பங்கள் பிரித்த நிலம் இது. அரசன் சொன்ன முறைப்படி வழிபட மனமில்லாமல் கப்பலேறியவர்கள். விட்டுவந்த ஊரில் எப்படிப் பிரித்தார்களோ அப்படியே இங்கும் பிரித்தார்கள்.

அவர்களுக்கு முன்பு இங்கே பெரமங்க் மக்கள், ஙட்ஜுரி மக்கள். அவர்கள் பிரித்த கோடு எதுவும் வரைபடத்தில் இல்லை. தனுண்டா, நூரியூட்பா என்று பக்கத்து ஊர்களின் பெயரில் மட்டும் ஏதோ மிச்சமிருக்கிறது.

*

கூட்டம் சேர்கிறது. சத்தம் அதிகமில்லை.

தள்ளுவண்டியில் குழந்தைகள். கழுத்தில் கைக்குட்டை கட்டிய நாய். தடித்த உள்ளங்கையை ஒன்றோடொன்று தேய்த்துக்கொள்ளும் கிழவர். வாரம் முழுக்கக் கவாத்துக் கத்தரி பிடித்த கை என்று தோன்றுகிறது. தோன்றுவது சரியா என்று கேட்கவில்லை.

மஞ்சள் சட்டை போட்ட தீயணைப்புத் தொண்டர்கள் திருப்பங்களில் நிற்கப் போகிறார்கள். ஒருத்தி கொட்டாவி விடுகிறாள். பக்கத்தில் நிற்பவருக்கும் கொட்டாவி வருகிறது. எனக்கும்.

*

புறப்படும் கோட்டுக்கு முன்னால் அகலமான பிளாஸ்டிக் தட்டங்கள். உள்ளே குளோரின் கலந்த தண்ணீர்.

முதலில் ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு ஷூவோடு தண்ணீரில் இறங்கி நிற்க வேண்டும். அறுபது விநாடி.

ஓட வந்தவர்கள் நிற்கிறோம்.

நிற்பது எளிதாக இல்லை. உடம்பு ஏற்கெனவே கிளம்பிவிட்டது. பாதங்கள் மட்டும் இங்கே இருக்கின்றன.

நீச்சல் குளத்து வாசனை. ஷூவின் ஓரத்தில் குளிர் ஏறுகிறது. சாக்ஸ் வரை வந்துவிட்டதா, இல்லையா.

அடுத்த தட்டத்தில் ஒரு சிறுவன் ஒரு காலைத் தூக்குகிறான். பாட்டி எதுவும் சொல்லாமல் அவன் தோளைத் தொடுகிறாள். கால் இறங்குகிறது.

தண்ணீரில் வானம் தெரிகிறது. வெறும் சாம்பல் நிறம்.

அறுபது.

*

இத்தனையும் ஒரு பூச்சிக்காக.

ஃபிலாக்ஸெரா. அசுவினிக்கு உறவு. ஒரு மில்லிமீட்டர் அளவு, மஞ்சள் நிறம். திராட்சை வேரைக் குத்திச் சாறு உறிஞ்சும். வேர் வீங்கும், அழுகும். சில வருடங்களில் கொடி செத்துவிடும். பெருகுவதற்கு ஆண் பூச்சிகூட வேண்டியதில்லை.

அமெரிக்காவிலிருந்து கொண்டுபோன செடிகளோடு 1860-களில் பிரான்ஸில் இறங்கியது. ஐரோப்பாவின் தோட்டங்களில் பெரும்பகுதி போயிற்று. கடைசியில், பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்மேல் தங்கள் கொடியை ஒட்டுக் கட்டித்தான் மீண்டார்கள். உலகின் ஒயின் திராட்சைகளில் பெரும்பாலானவை இன்று இரவல் வேரில் நிற்கின்றன.

1877-ல் ஆஸ்திரேலியாவில் தென்பட்டது. பக்கத்து மாநிலமான விக்டோரியாவில், ஜீலாங்கில். 1899-ல் தெற்கு ஆஸ்திரேலியா அதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. கொடி உள்ளே வரக் கூடாது. மண் வரக் கூடாது. செருப்பில் ஒட்டிய மண்கூட.

பூச்சி தானாக அதிக தூரம் போவதில்லை. மனிதர்கள்தான் கொண்டுபோகிறோம். டிராக்டர் சக்கரத்தில், பழக்கூடையில், பாதத்தில்.

பரோசாவின் பழைய கொடிகள் இன்னும் சொந்த வேரில் நிற்கின்றன.

*

துப்பாக்கி இல்லை. யாரோ விசில் ஊதுகிறார்கள்.

கால்கள் நகர்கின்றன. ஈர ஷூ சத்தம் போடுகிறது. எல்லா ஷூக்களும் சத்தம் போடுகின்றன.

*

செம்மண் பாதை. ஓரத்தில் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக்கு உள்ளே கொடிகள், வெளியே நாங்கள். யாரும் அதைத் தாண்டுவதில்லை. நாயைக்கூடச் சுருக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

வரிசைகளுக்கு நடுவே மஞ்சள் பூக்கள் மண்டியிருக்கின்றன. புளியாரை இனம். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து எங்கும் பரவிவிட்டது. களை என்கிறார்கள். பூ அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

முன்னால் ஓடும் சிறுமி பாதையோரத்தில் ஒரு தண்டைப் பறித்து மெல்கிறாள். முகம் சுளிக்கிறாள். இன்னொன்று பறிக்கிறாள்.

ஆடுகள். கொடி வரிசைக்குள் தலை குனிந்து மேய்கின்றன. குளிர்காலம் முழுக்க இவற்றை உள்ளே விடுவார்கள். துளிர் வருமுன் வெளியே ஓட்டிவிடுவார்கள்.

ஒரே ஒரு ஆடு நிமிர்ந்து பார்க்கிறது. திரும்பக் குனிகிறது.

*

கவாத்து முடிந்த வரிசை. வெட்டிய குச்சிகள் தரையில்.

கவாத்து முடியாத வரிசை. தலைவிரி கோலம்.

முடிந்த வரிசையில் சில வெட்டு வாய்களில் ஒரு சொட்டு நீர் தொங்குகிறது. பனி என்று நினைக்கிறேன். பனி இல்லை. மண் சூடேறத் தொடங்கியதும் வேர் தண்ணீரை மேலே தள்ளுகிறது. குடிக்க இலை இல்லை. வெட்டிய இடத்தில் வந்து நிற்கிறது.

சொட்டு விழுகிறது. நான் அதைத் தாண்டிவிட்டேன். விழுந்ததைப் பார்த்தேனா, விழும் என்று நினைத்தேனா.

*

கம்பி இல்லாமல், கைபிடி இல்லாமல், தனியாக நிற்கும் பழங்கொடிகள். இடுப்பு உயரம்தான். தண்டு என் தொடையைவிடப் பருமன். முறுக்கிக்கொண்டு, பிளந்து, உள்ளே பொந்து விட்டு.

இங்கே இருந்து சில கிலோமீட்டரில், தனுண்டாவில், 1843-ல் நட்டதாகச் சொல்லும் ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன.

இந்தப் பள்ளத்தாக்கில் கொடிகளுக்கு வயதுச் சாசனம் உண்டு. 2009-ல் எழுதியது. 35 வயதைத் தொட்டால் முதிர்ந்த கொடி. 70-ல் பிழைத்த கொடி. 100-ல் நூற்றாண்டுக் கொடி. 125-ல் மூதாதை.

ஐம்பது வயதில் எதிலிருந்தும் பிழைத்ததாகக் கணக்கில்லை. நியாயம்தான்.

*

பிழைத்தது பூச்சியிடமிருந்து மட்டுமல்ல.

1980-களின் நடுவில் ஷிராஸைக் கேட்பாரில்லை. விலை விழுந்தது. மாநில அரசே பணம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னது. பலர் பிடுங்கினார்கள். சங்கிலி கட்டி டிராக்டரால் இழுத்தால் நூறு வருட வேர் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும்.

சிலர் பிடுங்கவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் அவர்களில் எல்லோருக்கும் சொல்லக் காரணம் இருந்திருக்காது.

*

சாலை தூக்குகிறது.

*

மெங்லர் குன்று.

கண் கீழே போகிறது. ஷூ நுனி. தார். ஷூ நுனி.

ஜனவரி மாதச் சைக்கிள் பந்தயம், டூர் டவுன் அண்டர், இந்த ஏற்றத்தில் பலமுறை ஏறியிருக்கிறது. தாரின் மேல் வெள்ளைச் சாயத்தில் வீரர்களின் பெயர்கள். பாதி தேய்ந்தவை. ஒரு பெயரின் மேல் கால் வைக்கிறேன். அடுத்த அடி வெறும் தார்.

மூச்சு இரண்டு அடிக்கு ஒன்று. பிறகு ஒரு அடிக்கு ஒன்று. பிறகு எண்ண முடிவதில்லை.

காதுக்குள் ரத்தம் கேட்கிறது.

தொடையில் ஒரு வெப்பம். வலி என்று பெயர் வைக்கும்வரை அது வெறும் வெப்பமாகத்தான் இருக்கிறது. பெயர் வைத்ததும் கொஞ்சம் பெரிதாகிறது.

பக்கத்தில் தள்ளுவண்டி தள்ளும் தகப்பன். அவன் மூச்சும் என் மூச்சும் கொஞ்ச தூரம் சேர்ந்து போகின்றன. வண்டிக்குள் குழந்தை தூங்குகிறது. வாய் திறந்திருக்கிறது.

யாரோ நடக்கத் தொடங்குகிறார். அவர் பின்னால் இன்னொருவர். நடை பரவுகிறது. நானும் நடக்கிறேன். எந்த அடியில் ஓட்டம் நடையானது என்பது பிடிபடவில்லை.

நடக்கும்போது பறவைகள் கேட்கின்றன. மாக்பை ஒன்று கம்பத்தின் மேல், தொண்டைக்குள் தண்ணீர் உருட்டுகிற குரலில். ஓடும்போதும் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

*

இந்த மலைத்தொடரில் கைசர்ஸ்டூல் என்று ஒரு மலை. முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயர்கள் பலவற்றை மாநிலம் மாற்றியது. மலைக்கு மவுண்ட் கிச்சனர் என்று பெயர் வந்தது. குடியேறியவர்களின் பேரன்கள் அஞ்சல் உறையில் புதுப் பெயரை எழுதப் பழகினார்கள். 1975-ல் பழைய பெயர் திரும்பியது.

பனியில் இப்போது மலையே தெரியவில்லை.

*

உச்சி.

சிற்பங்கள். சலவைக்கல், கருங்கல். 1988-ல் இங்கே கூடிய சிற்பிகள் செதுக்கத் தொடங்கியவை. ஒரு கல்லின் மேல் கை வைக்கிறேன். கல் குளிர்ந்திருக்கிறது. கை சுடுகிறது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும் போலிருக்கிறது. அதற்குள் கையை எடுத்துவிடுகிறேன்.

கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளை. தேவாலயக் கோபுரம் ஒன்று மட்டும் மேலே. பிறகு அதுவும் இல்லை. பிறகு மறுபடி.

காகிதக் கோப்பையில் தண்ணீர். பல் கூசுகிறது.

மேசைக்குப் பின்னால் நிற்கும் தீயணைப்புத் தொண்டர் கிழக்கே கை காட்டி யாரிடமோ பேசுகிறார். கோடையில் எந்தப் பக்கம் காற்று வந்தால் பயம் என்று. 2019 டிசம்பரில் தெற்கே, அடிலெய்ட் மலைப்பகுதியில், கட்லீ க்ரீக் தீ. அங்கேயும் திராட்சைத் தோட்டங்கள். கம்பங்கள் எரிந்தன, சொட்டுநீர்க் குழாய்கள் உருகின, சில கொடிகள் அடுத்த பருவத்தில் அடியிலிருந்து துளிர்த்தன. சில துளிர்க்கவில்லை.

புல் இப்போது பச்சை. நனைந்திருக்கிறது. அவர் அதையே பார்த்துக்கொண்டு பேசுகிறார்.

*

இறக்கம்.

ஏறும்போது நெஞ்சு. இறங்கும்போது முழங்கால்.

தானாகவே வேகம் வருகிறது. பாதம் தரையைத் தட்டும் சத்தம் உடம்புக்குள் ஏறி மண்டையில் முடிகிறது. எண்ணம் ஒன்று தொடங்குகிறது. அடுத்த அடியில் உடைகிறது. இன்னொன்று தொடங்குகிறது.

கலா கிளிகள் ஒரு கூட்டமாக எழும்புகின்றன. வயிறு இளஞ்சிவப்பு. திரும்பினால் முதுகு சாம்பல். கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் நிறம் மாறுகிறது.

வெயில். முதல்முறையாக நிழல் பக்கத்தில் ஓடுகிறது.

கயிறு. செம்மண். ஆடுகள் வேறு இடத்தில் மேய்கின்றன.

பாதாம் மரம் ஒன்று வேலியோரம் பூத்திருக்கிறது. போகும்போது பனி மறைத்திருந்தது. அல்லது நான் பார்க்கவில்லை.

*

முடியும் இடத்தில் வளைவு ஏதும் கட்டவில்லை. இரண்டு கூம்புகள். நடுவில் போகிறேன். யாரோ கை தட்டுகிறார்கள். எனக்கா, பின்னால் வரும் நாய்க்கா.

நிற்கிறேன். நின்ற பிறகும் ஏதோ ஒன்று கொஞ்ச நேரம் ஓடுகிறது.

வியர்வை குளிர்கிறது. முதுகில் ஒரு கோடாக.

ரொட்டித் துண்டில் சாசேஜ், மேலே வதக்கிய வெங்காயம். விரலில் எண்ணெய். பக்கத்து மேசையில் சின்னக் கோப்பைகளில் ஷிராஸ். காலை பத்து மணிகூட ஆகவில்லை. கிழவர் ஒரு கோப்பையை எடுத்து மூக்கருகே வைத்திருக்கிறார். வெகு நேரம் குடிக்கவில்லை. கீழே வைத்துவிடுகிறார்.

ஷூவைக் கழற்றுகிறேன். குளோரின் பட்ட இடத்தில் நீல நிறம் வெளுத்திருக்கிறது. அடியில் செம்மண். வெளியேறும் வழியில் இன்னொரு தட்டமும் ஒரு பிரஷ்ஷும் இருக்கின்றன. அங்கேயும் வரிசை.

இந்த ஓட்டத்தில் நேரம் குறிப்பதில்லை, பரிசும் இல்லை. நுழைவுக் கட்டணம் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களின் தண்ணீர் வண்டிக்குப் போகிறது.