துக்கத்துக்கு விலை

ஒரகடத்துக்கு இப்போது இரவு என்பதே கிடையாது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் போகும் சாலையில் நடுநிசியிலும் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. அந்தச் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில்தான் என் பெரியம்மாவின் வீடு. நிலம் சிப்காட்டுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு மாடி எழுப்பி, செல்போன் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். சென்ற மாதம் அங்கே போயிருந்தேன். மாடியில் ஒரு பெண் துணி துவைத்தபடி கே. பி. சுந்தராம்பாளின் பாட்டு ஒன்றைப் போனில் வைத்திருந்தாள். இருபது வயதுப் பெண்! பாடுவது யார் என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ! பெரியம்மா கீழேயிருந்து, "கொஞ்சம் சத்தமா வைம்மா" என்று குரல் கொடுத்தாள்.

எனக்கு அந்தப் பழைய திண்ணை ஞாபகம் வந்தது. நான் பையனாக இருந்த நாளில், ரேடியோவில் அந்தக் குரல் வந்துவிட்டால் பெரியம்மா முறத்தைக் கீழே வைத்துவிடுவாள். சிறு வயதிலேயே கணவனை இழந்தவள் அவள். அழுவாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அதைக் கண்டுகொண்டு, "இந்தம்மா அழுவல பாருடா, பாடுது" என்றாள்.

அப்போது எனக்கு அது விளங்கவில்லை. இன்றும் முழுக்க விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். பிறர் துக்கத்தைக் காசு கொடுத்துக் கேட்டு நாம் இன்புறுகிறோமே, இது நியாயந்தானா?

கொடுமுடியில் 1908-ல் பிறந்த சுந்தராம்பாள், ரெயிலில் பாடிக் காசு வாங்கிய ஏழைச் சிறுமி. நாடகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. இலங்கையில் செங்கோட்டை கிட்டப்பாவைச் சந்தித்தார், இருவரும் சேர்ந்து மேடையேறினார்கள், மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. பிறகு மனத்தாங்கல், பிரிவு. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு, சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள்கூட அச்சேறியிருக்கின்றன. நானும் படித்தேன். யார் வீட்டு ஜன்னலிலோ எட்டிப் பார்த்துவிட்டு வந்தவனைப் போல் கூசியது. ஆனால், உண்மையைச் சொன்னால், பாதியில் மூடி வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வெள்ளைக் கதர் உடுத்தினார். 1980-ல் இறக்கும்வரை அதுதான் உடை. எந்த ஆண்மகனுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 'பக்த நந்தனார்' படத்துக்கு அழைத்தபோது லட்ச ரூபாய் கேட்டார். வந்தவர்களைத் திருப்பி அனுப்பவே அப்படிக் கேட்டார் என்பார்கள், அவர்களோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 1935-ல் படம் வந்தது. அதில் அவர் ஏற்றது ஆண் வேஷம், நந்தனாராகவே! அடுத்து 1940-ல் மணிமேகலை. 1953-ல் ஒளவையார். 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். மறு வருஷம் 'திருவிளையாட'லில் மீண்டும் ஒளவை. 1973-ல் காரைக்கால் அம்மையார்.

இந்த வரிசையைச் சற்று நின்று பாருங்கள். மணிமேகலை இளமையிலேயே துறவு பூண்டவள். ஒளவை, கல்யாணம் வேண்டாமென்று பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கியவள். கவுந்தி சமணத் துறவி. காரைக்கால் அம்மையாரோ, கணவனுக்காகச் சுமந்த உடம்பை உதறிவிட்டுப் பேய் வடிவம் பெற்றவர். இருபத்தைந்து வயதில் தனித்து நின்ற ஒரு பெண், உலகம் தன்னைப் பார்க்கிற பார்வையிலிருந்து தன்னை ஒவ்வொரு வேஷமாக மறைத்துக்கொண்டே போயிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. குரலை விற்றார், அதற்கு உரிய விலையைக் கூசாமல் கேட்டு வாங்கினார். துக்கத்தை மட்டும் சந்தைக்குக் கொண்டுவரவில்லை.

நாம் விட்டோமா? வெள்ளைப் புடவைக்கும் சேர்த்துத்தான் டிக்கட் வாங்கினோம். அவர் 1951-ல் சென்னை மேல்சபைக்குப் போனார். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றார். இவற்றை எத்தனை பேர் சொல்கிறார்கள்? பேச்சு எடுத்தால் கிட்டப்பாவும் வெள்ளைப் புடவையுந்தான். அந்தத் துக்கம் இல்லாவிட்டால் அந்தக் குரலே இல்லை என்று சாதிக்கும் ரஸிகர்களும் உண்டு. எனக்கு இதில் சம்மதமில்லை. கிட்டப்பா யாரென்றே தெரியாத வயதில், ரெயிலில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்த சாரீரம் அது. துக்கப்பட்டவர்களெல்லாம் பாடிவிட முடியுமானால், எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கச்சேரி நடந்திருக்கும்.

அமெரிக்காவில் பெஸ்ஸி ஸ்மித் என்று ஒரு கறுப்பினப் பாடகி இருந்தார். அவரும் ஏழைச் சிறுமியாகத் தெருவில் பாடிக் காசு வாங்கியவர்தான். உழைத்து ஓய்ந்த அந்த ஜனங்கள் தங்கள் மனக்கஷ்டத்தைப் பாடும் பாட்டுக்கு 'ப்ளூஸ்' என்று பெயர். 1923-ல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்ததும் லட்சக்கணக்கில் வாங்கினார்கள். ப்ளூஸின் மகாராணி என்றார்கள். 1937-ல் கார் விபத்தில் இறந்தார். அவருடைய சமாதிக்குப் பெயர் பொறித்த ஒரு கல் 1970 வரை கிடையாது. முப்பத்துமூன்று வருஷம்! அத்தனை நாளும் அந்தத் தட்டுகள் மட்டும் எங்காவது ஒரு வீட்டில் சுழன்றுகொண்டுதான் இருந்திருக்கும்.

இவர்களையும் அவர்களையும் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பெரியப்பா இறந்த பிறகு ஒரு வருஷம், இராத்திரி தவறாமல் அவர் படுக்கிற இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் பெரியம்மா படுப்பாளாம். ஏதோ ஒரு மழை நாளில், என்னை மகனாக நினைத்துச் சொன்னாள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கதைக்கு அலைந்துகொண்டிருந்த காலம். ஊரை மாற்றினேன், பெயரை மாற்றினேன், சொம்பை மட்டும் மாற்றவில்லை. கதையின் உயிரே அதில்தானே இருந்தது! பத்திரிகையில் வந்தது. படித்து அழுததாகக் கடிதங்கள் குவிந்தன. பெரியம்மாவுக்கு யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"நல்லாத்தான் எழுதிக்கிற" என்றாள். சற்றுப் பொறுத்து, "அந்தச் சொம்ப மட்டும் வுட்டிருக்கலாம்" என்றாள்.

அவ்வளவுதான். கோபமில்லை, மனஸ்தாபமில்லை. அதற்குப் பிறகு பெரியப்பாவைப் பற்றி என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சென்ற மாதம் போனபோது, இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாமா என்று கேட்டேன். இம்முறையாவது கேட்கவேண்டும் என்று தோன்றியது.

"அதான் ஊருக்கே தெரிஞ்சிபோச்சே, எழுதிக்கோ" என்றாள்.

மாடியில் பாட்டு நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஷிப்டு நேரம். கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி படியிறங்கி ஓடினாள். பெரியம்மா உள்ளே போய் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள், எவர்சில்வர் டம்ளரில். கதை வெளிவந்த பிறகு அந்த வீட்டில் நான் அந்தச் சொம்பைப் பார்த்ததேயில்லை.